கேஸ் போடலாமா, கூடாதா? டாக்டர்கள் மீதான நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு வேண்டுமா?

தறிக்காரன் மகன் (குடியாத்தம்)

வணக்கம். இங்கே பெரும்பாலும் படித்துவிட்டு மட்டும் போகிறவன். இன்றைக்கு எழுத வேண்டியதாகிவிட்டது.

அம்மாவுக்கு 56 வயது. பித்தப்பையில் கல். பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த மறுநாள் வயிறு உப்பிக்கொண்டது. போன் போட்டேன். "கேஸ்தான், மாத்திரை எழுதியிருக்கு பாருங்க" என்றார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து அம்மா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "ஏண்டா, என் கண்ணு மஞ்சளா இருக்குதா, இல்ல இந்த பல்பு அப்படிக் காட்டுதா?" என்று கேட்டாள். திண்ணைக்கு, வெயிலுக்குக் கூட்டிவந்து பார்த்தேன். மஞ்சள்தான். மறுபடி போன். "திங்கட்கிழமை ஓ.பி.க்கு வாங்க." அன்று சனிக்கிழமை.

ஞாயிறு ராத்திரி குளிர் ஜுரத்தில் உடம்பு தூக்கிப் போட்டது. கார் பிடித்து வேலூருக்கு ஓடினோம். அங்கே ஸ்கேன் பார்த்துவிட்டு, பித்தநாளத்தில் காயம் என்றார்கள். பித்தநீர் வயிற்றுக்குள் கசிந்து சீழ் பிடித்திருக்கிறது. உடனே சரிசெய்ய முடியாது, புண் ஆறட்டும் என்று ஒரு குழாய் வைத்துப் பையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம். பச்சையும் மஞ்சளுமாக அந்தப் பை நிரம்பும். காலையில் அளந்து என் மகளின் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவேன்: 400, 380, 420. அம்மா அதைப் புடவை மடிப்பில் மறைத்துக்கொண்டு நடப்பாள். பிறகு குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து பித்தநாளத்தோடு சேர்த்துத் தைத்தார்கள். இப்போது பரவாயில்லை.

முதல் மருத்துவமனைக்கு 85 ஆயிரம். இரண்டாவதுக்கு 3 லட்சத்து 40 ஆயிரம். நகை அடகில் இருக்கிறது, வட்டி ஓடுகிறது.

அக்கா வீட்டுக்காரர் ஒரு கோடி கேட்டு வழக்குப் போடச் சொல்கிறார். டாக்டருக்குப் படித்த சித்தப்பா மகனோ, "இப்படி ஆளாளுக்குக் கோடி கேட்டுத்தான் அமெரிக்கா கெட்டது, அவர்களே உச்சவரம்பு போட்டுவிட்டார்கள், இங்கேயும் போட வேண்டும்" என்கிறான். வீட்டு விசேஷத்தில் பிரியாணி ஆறும்வரை சண்டை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்துப் படுக்கை (ஆரணி)

தம்பி, அம்மா பிழைத்து வந்ததற்கு முதலில் சந்தோஷம். பித்தநீர் கசிந்து சீழ் பிடிப்பது உயிரை எடுக்கும் விஷயம்.

நான் சர்ஜன். நானும் மனைவியும் பத்துப் படுக்கை நர்சிங் ஹோம் நடத்துகிறோம், 22 வருஷமாக. கசப்பாக இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். லேப்ராஸ்கோப்பியில் பித்தநாளம் அடிபடுவது ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்கு நேருகிறது. உலகம் முழுக்க, கைதேர்ந்தவர் கையிலும். பித்தப்பை அழற்சியில் எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எது பித்தப்பைக் குழாய், எது பொதுப் பித்தநாளம் என்று திரையில் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். ஆகவே காயம் பட்டது என்பதாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது.

என்மீதும் ஒரு வழக்கு இருந்தது. ஆறு வருஷம். ஜெயித்தேன். வாய்தா இருக்கும் நாளெல்லாம் ஆபரேஷன் வைக்க மாட்டேன், கை நிதானப்படாது. அதற்கு முன்னால் போளூர்ப் பக்கத்திலிருந்து ராத்திரி ரத்தப்போக்கோடு வரும் பிரசவக் கேஸை நானும் மனைவியும் எடுத்துப் பார்ப்போம். இப்போது வாசலிலேயே, ஆம்புலன்ஸ் கதவைக்கூடத் திறக்காமல், "வேலூருக்குக் கொண்டு போங்க" என்கிறோம். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிறதோ. அதற்கு எந்தக் கோர்ட்டிலும் கேஸ் கிடையாது.

உச்சவரம்பு வேண்டும் என்பதுதான் என் கட்சி.

வாலாஜா வேங்கை

ஏன் சார், தப்பு செய்தவனுக்கு வரம்பு எதற்கு? நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் கண்ணாடியை உடைத்தால் அன்றைக்கே செட்டில் பண்ணுவான். கோர்ட்டாவது வாய்தாவாவது.

கறுப்புக் கோட்டு (சத்துவாச்சாரி)

வேங்கை, அப்படிப் போனால் செட்டில் ஆகப்போவது நீங்கள்தான். மருத்துவமனையில் வன்முறை, சொத்துச் சேதம் இரண்டுக்கும் தமிழ்நாட்டில் 2008லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினாரே ஒருவர், தாய்க்குத் தந்த சிகிச்சை சரியில்லை என்று. தாய்க்கு அதனால் என்ன கிடைத்தது?

குடியாத்தம் தம்பிக்கு வருகிறேன். நான் நுகர்வோர் வழக்குகள் பார்ப்பவன். நோயாளி பக்கமும் ஆஜராகியிருக்கிறேன், டாக்டர் பக்கமும். பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே, வி.பி. சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. இப்போதிருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: எந்த ஆணையத்துக்குப் போவது என்பது நீங்கள் கேட்கும் தொகையைப் பொறுத்ததல்ல, எதிராளிக்கு நீங்கள் கொடுத்த தொகையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை கொடுத்திருந்தால் மாவட்ட ஆணையம். நீங்கள் கொடுத்தது 85 ஆயிரம். அக்கா வீட்டுக்காரர் ஒரு கோடி கேட்டாலும் பத்துக் கோடி கேட்டாலும் வேலூரிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. கெடு இரண்டு வருஷம். அதைத் தவறவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனியாக மன்றாட வேண்டும்.

இனி டாக்டர் சார் சொன்னது. காயம் வேறு, கவனக்குறைவு வேறு என்பது சட்டத்திலும் சரிதான். அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதுதான் கேள்வி. 1957ல் இங்கிலாந்தில் வந்த போலம் தீர்ப்பின் அளவுகோல் அது. நம் நீதிமன்றங்களும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே நாளம் அறுந்ததை வைத்து இந்த வழக்கு நிற்காது. வயிறு உப்பி, கண் மஞ்சளான பிறகு "திங்கட்கிழமை வாங்க" என்றார்களே, அதை வைத்து நிற்கலாம். அந்தப் போன் அழைப்புகளின் பதிவை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்தது கேஸ் ஷீட், அதாவது மருத்துவமனையில் எழுதிய சிகிச்சைக் குறிப்புகள். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுக்க வேண்டும். எழுதிக் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் "ரெக்கார்டு ரூம் சாவி இல்லை" என்பார்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து. சிரிக்காதீர்கள்.

ஆம்பூர்க்காரி (டல்லாஸ்)

உச்சவரம்பு போட்ட ஊரிலிருந்தே எழுதுகிறேன். தம்பியின் சித்தப்பா மகன் சொன்னது பாதி சரி, பாதி வாட்ஸ்அப்.

அமெரிக்கா முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியா 1975லேயே ஆரம்பித்துவிட்டது: வலி, வேதனை, வாழ்க்கை பாழானது என்ற வகைக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். விலைவாசி எங்கேயோ போனபிறகும் 2022 வரை அதே தொகை. அப்புறம்தான் திருத்தினார்கள், 2023லிருந்து 3,50,000, இறந்துபோனால் 5,00,000, வருஷா வருஷம் கொஞ்சம் ஏறும். எங்கள் டெக்சாஸ் 2003ல் போட்டது. டாக்டருக்கு 2,50,000, மருத்துவமனைகளையும் சேர்த்தால் 7,50,000. இன்றுவரை ஏறவில்லை. மருத்துவச் செலவு, சம்பள இழப்பு இவற்றை இந்த வரம்பு தொடாது. வழக்குகள் குறைந்தன, டாக்டர்களின் இன்சூரன்ஸ் பிரீமியமும் இறங்கியது. நோயாளியின் பில் இறங்கியதா என்று கேட்காதீர்கள்.

யாருக்கு அடி விழுந்தது தெரியுமா? என் மாமியாருக்கு இங்கே ஒரு இடத்தில் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டார்கள். மூளையில் ரத்தக்கசிவு. ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஐந்து வக்கீல்களைப் பார்த்தோம். இங்கே வக்கீல் முன்பணம் வாங்க மாட்டார். ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வார். ஐந்து பேரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "வேலைக்குப் போகிறாரா?" போகவில்லை, 71 வயது. அப்படியென்றால் சம்பள இழப்பு இல்லை. மிச்சமிருப்பது வரம்புக்குள் அடைபட்ட வேதனை. நிபுணர்களுக்குக் கொடுக்கவே அதில் பாதி போய்விடும் என்று கைவிரித்துவிட்டார்கள். அதாவது வரம்பு என்பது பெரிய தொகையை வெட்டுகிறதோ இல்லையோ, வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் வயதானவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. குடியாத்தம் அம்மாவும் அந்த வரிசையில்தான் நிற்பார்கள்.

தறிக்காரன் மகன் (குடியாத்தம்)

அக்கா, அம்மா சும்மா இல்லை. தறிக்கு நூலைத் தார் சுற்றுவாள். அவள் சுற்றித் தராவிட்டால் இரண்டு தறி நிற்கும். ஆனால் அதற்குச் சம்பளச் சீட்டு எங்கே இருக்கிறது?

கறுப்புக் கோட்டு (சத்துவாச்சாரி)

சம்பளச் சீட்டு வேண்டாம். விபத்து வழக்குகளில் இல்லத்தரசியின் உழைப்புக்கு உத்தேச வருமானம் போட்டுக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021ல் கூடச் சொன்னது. அதே வாதத்தை இங்கேயும் வைக்கலாம். தறி நின்ற ஆறு வாரத்துக்கு நூல் கொடுக்கும் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் கூலி குறைந்திருக்குமே, அந்தப் பக்கத்தை நகல் எடுங்கள்.

டல்லாஸ் அம்மா சொன்னதில் இன்னொன்றைச் சேர்க்கிறேன். ஜெயித்தால் பங்கு என்று பேசுவது நம் வக்கீல்களுக்குத் தடை. தொகையை முடிவுசெய்யப் பொதுமக்களை உட்காரவைக்கும் ஜூரியும் நம்மிடம் இல்லை. அங்கே தொகை ஏறக் காரணமான இரண்டுமே இங்கே இல்லாதபோது, அந்த ஊர் மருந்தை இந்த ஊர் நோய்க்குக் கொடுப்பானேன்? இங்கே நோய், தாமதம். எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996ல் குறைமாதமாகப் பிறந்த ஒரு பெண் குழந்தை. கண்ணைச் சோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை, பார்வை போய்விட்டது. கிட்டத்தட்ட 1 கோடியே 80 லட்சம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2015ல். அந்தக் குழந்தை அதற்குள் 18 வயதைத் தாண்டிவிட்டது.

வெயிலூரான் (வேலூர்)

நான் காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிறேன். போர்டு தமிழில் ஒரு வரி, வங்காளத்தில் இரண்டு வரி. வைத்தியத்துக்கு வந்து எங்கள் ரூமில் தங்குகிறவர்கள் முக்கால்வாசி கொல்கத்தா, அசாம், வங்கதேசம். பாலிதீன் கவரில் பத்து வருஷத்து ரிப்போர்ட்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள். துணி நனைந்தாலும் பரவாயில்லை, கவர் நனையக்கூடாது. அவர்களில் ஒரு வாத்தியார்தான் டாக்டர் குணால் சாஹா வழக்கைச் சொன்னார். அமெரிக்காவில் இருந்த டாக்டர். மனைவிக்கு 1998ல் கொல்கத்தாவில் தோல் உரியும் வியாதிக்குத் தப்பான ஸ்டீராய்டு சிகிச்சை, கடைசியில் மும்பையில் செத்துப்போனார். 77 கோடி கேட்டார், 2013ல் 5 கோடியே 96 லட்சம் கிடைத்தது, வட்டி தனி. வாத்தியார் சொன்னார்: "அவர் டாக்டர், புத்தகம் பார்த்து வாதாடினார். நமக்கு யார் வாதாடுவார்?" அதனால் தானும் ஒரு கவர் விடாமல் சேர்த்து வைக்கிறாராம்.

பத்துப் படுக்கை (ஆரணி)

டல்லாஸ் அம்மா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "உன் உச்சவரம்பு என்னை மாதிரி ஆளுக்கு அல்ல, உன் அம்மா மாதிரி ஆளுக்குத்தான் வரம்பு" என்றாள். சரி. அந்த அளவுக்கு என் கட்சியை விட்டுக்கொடுக்கிறேன். தொகைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, உண்மையில் எனக்குத் தொகை பயமில்லை.

பயம் போலீஸ். 2005ல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு, அப்பட்டமான அலட்சியம் இருந்தால்தான் டாக்டர் மீது கிரிமினல் வழக்கு, அதற்கும் முன்னால் வேறொரு மருத்துவரின் கருத்தை வாங்க வேண்டும் என்றது. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வாசலில் நூறு பேர் நிற்கும்போது வரும் எஸ்.ஐ. முதலில் கேட்பது "எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் கூட்டம் கலையும் சார், என்ன செய்யலாம்?" என்றுதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவு, அலட்சியத்தால் உயிர் போனால் மற்றவர்களுக்கு ஐந்து வருஷம், எங்களுக்கு இரண்டு வருஷம் என்கிறது. எங்களுக்குச் சலுகை என்று ஊரெல்லாம் பேச்சு. பழைய 304ஏ பிரிவில் எல்லாருக்குமே இரண்டு வருஷம்தான். எங்களுக்கு ஒன்றும் குறையவில்லை, மற்றவர்களுக்கு ஏறியது, அவ்வளவே.

ஆம்பூர்க்காரி (டல்லாஸ்)

டாக்டர் சார், பெருந்தன்மைக்கு நன்றி. நியூசிலாந்தில் 1974லிருந்து வேறு வழி. யார் தப்பு என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியதில்லை. சிகிச்சையால் கேடு வந்தால் அரசு நிதியிலிருந்து செலவைக் கொடுப்பார்கள், பதிலுக்கு வழக்குப் போடும் உரிமை பெரும்பாலும் போய்விடும். நம் ஊருக்கு அது ஒத்துவருமா?

நைட் டூட்டி அக்கா (ராணிப்பேட்டை)

அந்த மாதிரி ஒன்று நம்மிடமே உண்டு கண்ணு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் தோற்றுப்போய்ப் பிள்ளை உண்டானால் அரசுத் திட்டத்தில் ஈட்டுத்தொகை கொடுக்கிறார்கள், எந்த டாக்டர் தப்பு என்று கோர்ட்டுக்கு அலையாமல். தொகை கொஞ்சம்தான்.

31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தம்பி, கேஸ் ஷீட் கைக்கு வந்ததும் டாக்டர் எழுதிய பக்கத்தைப் பார்க்காதீர்கள், அது ஆற அமர எழுதியது. நர்ஸ் நோட்ஸையும் டெம்பரேச்சர் சார்ட்டையும் பாருங்கள். ஆள் பற்றாத இடத்தில் என்ன நடக்கும் தெரியுமா? ஒரு பெண் இருபது பேரைப் பார்ப்பாள். ஷிப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து இருபது சார்ட்டிலும் ஒரே மூச்சில் புள்ளி வைப்பாள். 98.6, 98.6, 98.6. தெர்மாமீட்டர் உறையை விட்டு வெளியே வந்திருக்காது. நானும் இளவயதில் செய்திருக்கிறேன், ஒரு தடவை, ஒரு குழந்தையின் சார்ட்டில். அந்தக் குழந்தைக்கு ஜுரம் 103. அதற்கப்புறம் செய்ததில்லை.

மூன்று நாளும் ஒரே நேர்கோடாக இருந்தால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆனால் எங்கேயாவது ஒரு வரி கோணலாக, இடுக்கில், நேரம் போட்டு எழுதியிருக்கும். அதைத் தேடுங்கள்.

வாலாஜா வேங்கை

நானும் ஒன்று கேட்கிறேன். டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் சாட்சி சொல்வானா? அது நடக்கிற காரியமா?

கறுப்புக் கோட்டு (சத்துவாச்சாரி)

முதல் தடவையாக நல்ல கேள்வி. சொல்ல மாட்டார்கள், பெரும்பாலும். சிகிச்சை தந்த இரண்டாவது மருத்துவமனைகூட "காயம் இருந்தது" என்று எழுதும், "இன்னாரால்" என்று எழுதாது. ஆனால் எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010ல் கிஷன் ராவ் வழக்கில் தீர்ப்பு உண்டு. மலேரியாவுக்கு டைபாய்டு மருந்து கொடுத்த கேஸ் அது. தானே பேசும் சங்கதிக்கு நிபுணர் எதற்கு என்றார்கள். கண் மஞ்சளானவரை இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னதும் அந்த ரகம்தான் என்பேன். எதிர்த்தரப்பு வேறு மாதிரிச் சொல்வார்.

தறிக்காரன் மகன் (குடியாத்தம்)

பத்து நாள் கழித்து வருகிறேன். திங்கட்கிழமை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். வியாழன் போனபோது டைப்பிஸ்ட் லீவு என்றார்கள். "72 மணி நேரம்" என்று மட்டும் சொன்னேன், வேறு ஒன்றும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டார்கள். 38 பக்கம்.

ராணிப்பேட்டை அக்கா, டெம்பரேச்சர் சார்ட் நீங்கள் சொன்னபடியேதான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி.

டிஸ்சார்ஜ் சம்மரியில் டைப் அடித்திருக்கிறது: எந்தத் தொந்தரவும் இல்லை, நல்ல நிலையில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். ஆனால் 31ஆம் பக்கம், நர்ஸ் நோட்ஸில், கடைசி நாள் காலை 7.10 என்று போட்டு நீல மையில் ஒரு வரி. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன்: "நோயாளி வயிற்று வலி என்கிறார். வலது தோள்பட்டையிலும் வலி. டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது." கீழே சின்னதாக ஒரு கையெழுத்து.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஆமா, சொன்னேனே. ஒல்லியா ஒரு பொண்ணு, பேரணாம்பட்டுன்னு சொன்னா. தலையை வாரி விட்டாளே, அவகிட்டதான்" என்றாள்.

பத்துப் படுக்கை (ஆரணி)

தோள்பட்டை வலி இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சாதாரணமாகவே ஒரு நாள், இரண்டு நாள் வரும், வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவினால். அப்படி நினைத்து விட்டிருக்கலாம். நானும் விட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் வயிற்று வலியும் சேர்ந்திருக்கும்போது, அனுப்புவதற்கு முன்னால் கையை வைத்து ஒரு தடவை வயிற்றை அமுக்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததாக எழுதியிருக்கிறதா?

தறிக்காரன் மகன் (குடியாத்தம்)

இல்லை சார். இரண்டு தடவை தேடிவிட்டேன். 7.10க்கு அப்புறம் இருப்பது 9.30க்குப் பில் கட்டிய ரசீது எண்தான்.

வக்கீல் சார், அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். கேஸ் போட்டால் அந்தப் பெண்ணின் பேர் வெளியே வருமா? அவளுக்கு வேலை போய்விடுமா? அப்படியென்றால் வேண்டாம் என்கிறாள். அக்கா வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

நைட் டூட்டி அக்கா (ராணிப்பேட்டை)

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கறுப்புக் கோட்டு (சத்துவாச்சாரி)

மனுவில் பெயர் போட வேண்டியதில்லை, பக்க எண் போதும். எதிர்மனுவில் மருத்துவமனை அவரை இழுக்குமா என்றால், இழுக்கலாம். இழுக்காது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அதை அம்மாவிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பார்ப்போம்: இரண்டாவது மருத்துவமனைச் செலவு, அடகு வட்டி, தறி நின்ற கூலி. கோடியெல்லாம் வேண்டாம். நோட்டீஸோடு முடிந்தாலும் முடியலாம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள். 38 பக்கத்தையும், மகளின் கணக்கு நோட்டையும் கொண்டு வாருங்கள். அந்த 31ஆம் பக்கத்தை மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

தறிக்காரன் மகன் (குடியாத்தம்)

அக்கா வீட்டுக்காரர் நேற்று ராத்திரியே கேட்டார். நோட்டு மகள் பையில் இருக்கிறது, சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாங்கி வைக்கிறேன்.